நடுங்காத கை

தம்பானூர், திருவனந்தபுரம்
14 நவம்பர் 2023

மதிப்பிற்குரிய சுப்ரியா மேடத்துக்கு,

பிச்சைக்கனி வணக்கத்துடன் எழுதுவது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஹோட்டலில் டீ மாஸ்டர். புஞ்சக்கரி வயலில் நம் பறவைக் கூட்டம் நடக்கும்போது கடைசி ஆளாக வருவேனே, எல்லோரும் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவார்களே, அவன்தான்.

போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் மலையாளத்தில் எழுதுகிறார்கள். எனக்குப் பேச வரும், எழுத வராது. காலையில் நான் வயலில் இருப்பேன். மத்தியானத்துக்கு மேல் அடுப்பு முன்னால் நிற்பேன், அங்கே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. கடிதம்தான் நிதானமாக எழுத முடிகிறது. நீங்கள் மாற்றலாகிப் போன கோயம்புத்தூர் விலாசத்தைக் கரமனை வீட்டில் உங்கள் தம்பி சாயிடம் வாங்கினேன்.

விஷயம் இதுதான். எனக்கு ஒரு கேமரா வாங்க வேண்டும். போன மாதம் வெள்ளாயணிக் காயல் ஓரத்தில் ஒரு பருந்தைப் பார்த்தேன். தலை வெளுப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, தண்ணீரில் காலை நீட்டி விழுந்து மீனோடு எழுந்தது. விராலடிப்பான் என்று சொன்னேன். நம் கூட்டத்தின் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓமனா டீச்சர், “படம் உண்டோ அண்ணாச்சி?” என்று கேட்டார். போனில் எடுத்ததைக் காட்டினேன். அதில் பருந்து கடுகு அளவு இருந்தது. டீச்சர் நோட்டில் எழுதவில்லை. அவர்மேல் குற்றமில்லை, அவர்களுக்கு ஆதாரம் வேண்டும். முன்பு இப்படி ஒரு தடவை நடந்தபோது நீங்கள் மட்டும், “அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும், எழுதிக்கோங்க டீச்சர்” என்றீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இருபதாயிரத்துக்குள் முடியுமா? கடைக்காரர்களிடம் கேட்டால் என் சட்டையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
பிச்சைக்கனி


கோயம்புத்தூர்
25 நவம்பர் 2023

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தமிழில் கடிதம் எழுதி எனக்கு எத்தனையோ வருடம் ஆகிறது. பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம், இன்சூரன்ஸ் ஆபீஸில் இங்கிலீஷ். அப்பா வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த எழுத்துதான் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். நம் கூட்டத்தில் சுபின் வைத்திருக்கிற மாதிரி லென்ஸ் கழற்றி மாட்டுகிற கேமரா உங்களுக்கு வேண்டாம். கேமராவை எப்படியாவது வாங்கிவிடலாம், பறவைக்கான நீள லென்ஸ் அதைவிட அதிக விலை. போனில் மாட்டுகிற குட்டி லென்ஸ் விற்பார்கள், அதில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். உங்களுக்கு ஏற்றது ப்ரிட்ஜ் கேமரா என்பது. லென்ஸ் அதோடு சேர்ந்தே இருக்கும், கழற்ற முடியாது. அறுபது மடங்குவரை ஜூம் போகும். இருட்டில் சரியாக எடுக்காது, ஆனால் நீங்கள் போவது காலை வெளிச்சத்தில்தானே. கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல் உள்ளதாகப் பார்க்கவும், வெயிலில் பின்பக்கத் திரை தெரியாது. மெகாபிக்சல் இத்தனை என்று கடைக்காரன் சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள்.

புதிதாக உங்கள் கணக்குக்குள் வராது. பழையது வாங்கினால் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, பட்டன் ஒழுங்காக அழுந்துகிறதா, ஜூம் போய்வரும்போது உள்ளே சத்தம் கேட்கிறதா, திரையில் கோடு இருக்கிறதா, இந்த நான்கையும் பாருங்கள்.

இல்லாவிட்டால் இன்னொன்று சொல்கிறேன். என்னுடைய பழைய ப்ரிட்ஜ் கேமரா கரமனை வீட்டில் சும்மாதான் இருக்கிறது. இங்கே வந்த பிறகு நான் வேறு வாங்கிவிட்டேன். பழையது என்ன விலைக்குப் போகுமோ அதில் பாதி கொடுத்தால் போதும். சாயிடம் சொல்லிவைக்கிறேன். உங்களுக்கு அது தாராளமாகப் போதும்.

அன்புடன்,
சுப்ரியா


தம்பானூர்
20 டிசம்பர் 2023

மேடத்துக்கு வணக்கம்.

கேமரா கைக்கு வந்துவிட்டது. பணத்தை வாங்கிக்கொண்டு சாய் பையோடு கொடுத்தார். நீங்கள் சொன்ன நான்கையும் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உங்கள் பொருளைச் சோதித்துப் பார்ப்பதா என்று வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டேன். பாதி விலைக்குத் தந்திருக்கிறீர்கள் என்று ஹோட்டலில் எல்லோரிடமும் சொன்னேன். “ஆபீஸர் அம்மா ஒனக்கு எதுக்குடே தரணும்?” என்று கேட்டார்கள். பறவை பார்க்கிறவர்கள் அப்படித்தான் என்றேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் புஞ்சக்கரிக்குப் போனேன். கம்பியில் ஒரு மீன்கொத்தி. ஜூம் பண்ணினால் அதன் அலகு நுனிவரை வருகிறது. ஆனால் படம் தெளிவாக இல்லை, மேடம். பாலாடைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தது போல் வெளுத்திருக்கிறது. பத்து நாளாக இருநூறு படத்துக்கு மேல் எடுத்துவிட்டேன். எல்லாம் அப்படியே.

என் கைதான் ஆடுகிறது என்று நினைக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக டீ ஆற்றுகிற கை. ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றினாலும் கீழ்க் கிளாஸில் துளி சிந்தாது. அப்படிப்பட்ட கை கேமராவைப் பிடித்தால் ஏமாற்றுகிறது. எப்படிப் பிடிப்பதென்று எழுதுங்கள். இவ்வளவு நல்ல கேமராவை வைத்துக்கொண்டு இப்படி எடுக்கிறேனே என்று இருக்கிறது.

பிச்சைக்கனி


கோயம்புத்தூர்
9 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

முதலில் எல்லோருக்கும் அப்படித்தான் வரும். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, அப்புறம் பட்டனை அழுத்துங்கள். ஒரு துணிப்பையில் மணல் கட்டி, வரப்பில் வைத்து, அதன்மேல் கேமராவை வைத்து எடுக்கலாம். காலையில் வயலில் பனி இருக்கும், அதனாலும் வெளுப்பு வரலாம். சூரியனைப் பார்த்து எடுக்காதீர்கள்.

கொஞ்சம் அருகில் போய் எடுத்துப் பாருங்கள். அருகில் போனால் எந்தக் கேமராவும் தெளிவாகத் தரும்.

கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வேறு தாள் இல்லை, மன்னிக்கவும்.

சுப்ரியா


தம்பானூர்
17 மார்ச் 2024

மேடத்துக்கு வணக்கம்.

நீங்கள் அடித்திருந்த வரியை ட்யூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு ஏதோ சொல்ல வந்திருக்கிறீர்கள் என்று ஆசை. படிக்க முடியவில்லை.

மணல் பை செய்துவிட்டேன். மூச்சையும் நிறுத்திப் பார்த்தேன். ஆரியசாலையில் எங்கள் அறையில் தினமும் புறங்கையில் நிறையத் தண்ணீர் உள்ள கிளாஸை வைத்து இருநூறு எண்ணும்வரை நிற்கிறேன். கூட இருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். தண்ணீர் ஆடுவதில்லை, மேடம். படம் மட்டும் ஆடுகிறது.

அது போகட்டும். பிப்ரவரியில் முதன்முதலாகக் குழுவில் ஒரு படம் போட்டேன். செந்நாரை கழுத்தை வளைத்து நின்றது. இருந்ததில் நல்ல படம் அதுதான். சுபின் கீழே எழுதியதை ஹோட்டலில் சப்ளை பண்ணுகிற பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ‘அண்ணாச்சி, சாயக்கடை ஆவி முழுவன் லென்ஸில் ஆணல்லோ’ என்று எழுதியிருந்தார். டீ ஆவி முழுக்க என் லென்ஸில்தான் இருக்கிறதாம். பதினோரு பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள். உங்கள் பேரும் அதில் இருந்தது. நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. படம் அப்படித்தான் இருந்தது.

இன்னொரு சங்கடம். கை நடுங்குகிறது என்று நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது முதலாளி காதில் விழுந்துவிட்டது. “கை நடுங்குத ஆளைக் கொதிக்கிற தண்ணி பக்கத்துல நிறுத்த முடியாதுடே. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்லா பதில் சொல்லணும்?” என்று பார்சல் கட்டுகிற மேஜைக்கு மாற்றிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். முதலாளி நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லாதபோது அவருக்கு எப்படி வரும்.

அருகில் போனால் தெளிவாக வரும் என்று எழுதியிருந்தீர்கள். அது சரிதான். கொக்கு வரப்பில் பக்கத்தில் நின்றபோது ஓரளவு வந்தது. இனி அருகில் போகப் பழகுகிறேன்.

பிச்சைக்கனி


கோயம்புத்தூர்
2 ஏப்ரல் 2024

அண்ணாச்சிக்கு,

வருடக் கணக்கு முடிக்கிற நேரம், ஆபீஸில் மூச்சுவிட முடியவில்லை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அந்தச் சிரிக்கிற முகம் விரல் தவறிப் பட்டது. தப்பாக நினைக்காதீர்கள். வேலை மாற்றியது தற்காலிகமாகத்தான் இருக்கும், மனத்தைத் தளரவிடாதீர்கள்.

சுப்ரியா


தம்பானூர்
4 ஆகஸ்ட் 2024

மேடத்துக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் நான்கு நாள் போய்விட்டது. குழுவில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும்.

வெள்ளாயணியில் தாமரை நிறைந்த ஓரத்தில் ஒரு தாமரைக்கோழி கூடு வைத்திருந்தது. கூடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மிதக்கிற இலைமேல் நாலு தண்டை இழுத்துப் போட்டு அதில் முட்டை. ஆண்தான் அடைகாக்கும். பதினைந்து நாள் கரையிலிருந்தே பார்த்தேன், படமும் எடுத்தேன். எல்லாம் புகை. ஒரே ஒரு தெளிவான படம் குழுவில் போட்டுவிட்டால் போதும், அப்புறம் யாரும் ஆவி என்று சொல்ல மாட்டார்கள் என்று புத்தியில் ஏறிவிட்டது.

ஜூலை இருபத்து நான்கு, புதன்கிழமை காலை. தண்ணீரில் இறங்கினேன். இடுப்புவரை வந்தது. பாதி தூரம் போனதும் ஆண் எழுந்து, ஒரு சிறகு ஒடிந்தது போல் இழுத்துக்கொண்டு இலைமேல் நொண்டிப் போனது. அது நடிப்பு, முட்டையிலிருந்து என்னை விலக்கிக் கூட்டிப்போகத்தான் அப்படிச் செய்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பவில்லை, மேடம். இன்னும் நான்கு அடி வைத்தேன்.

நான்கு முட்டை. பழுப்பு நிறத்தில், மேலே கறுப்பு மையால் யாரோ கிறுக்கியது போல். எடுத்தேன். தெளிவாக வந்தது. நான் எடுத்ததிலேயே அந்த ஒரு படம்தான் தெளிவு.

திரும்பும்போது என் காலில் தண்டு சிக்கியது. உதறினேன். இலை சரிந்து இரண்டு முட்டை தண்ணீருக்குள் போய்விட்டது. கையை விட்டுத் துழாவினேன், சேறுதான் வந்தது. நான் அங்கே நிற்கிறவரை ஆண் வராது என்று கரையேறினேன். தென்னையில் காகங்கள் காத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் கல்லெடுத்து எறிவதற்குள் மிச்ச இரண்டும் போய்விட்டது. ஆண் வந்து வெறும் இலையைச் சுற்றிச் சுற்றி நடந்தது.

கரையில் சுபின் நின்றிருந்தார். ஆபீஸ் போகும் முன் வந்திருக்கிறார். “எந்து பணியா அண்ணாச்சி காட்டினது? முட்டை இருக்குன்னு தெரிஞ்சுதான் இறங்கினீங்களா?” என்றார். ஈர வேட்டியோடு நின்றேன். அன்றைக்கே ஓமனா டீச்சர் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். சரியான காரியம்தான் செய்தார்.

இது ஒன்று. இன்னொன்றும் உங்களிடம் சொல்ல வேண்டும். கேமராவில் தண்ணீர் தெறித்ததால் ஓவர்பிரிட்ஜ் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். ஜெஸி என்று ஒரு பெண் வேலை பார்க்கிறார். லென்ஸை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். “அண்ணா, உள்ளே முழுக்கப் பூப்பல் உண்டல்லோ. இதை வெச்சு எடுத்தா புகை போலத்தான் வரும்” என்றார். நானும் பார்த்தேன். கண்ணாடிக்குள் சிலந்தி வலை பின்னியது போல் பூஞ்சை. ஈரமான அறையில் வைத்தால் இப்படி வரும் என்றார். பிரித்துத் துடைக்கிற செலவுக்கு வேறு கேமராவே வாங்கிவிடலாமாம்.

எங்கள் அறையை நீங்கள் பார்த்ததில்லை. வெங்காயக் கிடங்குக்குப் பின்பக்கம். மழை வந்தால் சுவரில் கை வைத்தால் கை நனையும். ஆறு பேர் ஈரத் துணி காய்வதும் உள்ளேதான். அங்கே தலைமாட்டில்தான் கேமராவை வைத்திருந்தேன். நீங்கள் நம்பிக் கொடுத்த பொருளை நான் கெடுத்துவிட்டேன். முதல் வாரத்திலேயே படம் வெளுத்துத்தானே இருந்தது, பூஞ்சை அவ்வளவு சீக்கிரம் பிடிக்குமா என்று ஜெஸியிடம் கேட்க நினைத்தேன். கேட்க வெட்கமாக இருந்தது.

என்னை மன்னித்துவிடுங்கள். வயலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

பிச்சைக்கனி


கோயம்புத்தூர்
14 அக்டோபர் 2024

அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கக் கூடாது என்று ஆபீஸிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன், முடித்தவுடன் கீழே இருக்கிற தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.

பூஞ்சை உங்கள் அறையில் வந்ததல்ல. நான் கொடுக்கும்போதே இருந்தது. எனக்குத் தெரியும்.

இரண்டு மழைக்காலம் அந்தக் கேமராவைக் கரமனையில் அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை. போன வருடம் ஜூனில் மாற்றலுக்காகச் சாமான் கட்டும்போது எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஜெஸி உங்களுக்குக் காட்டியதுதான் எனக்கும் தெரிந்தது. கடையில் கொடுத்துக் கேட்டேன், இதை யாரும் எடுக்க மாட்டார்கள் என்றார்கள். திரும்பக் கொண்டுவந்து பையில் வைத்தேன்.

அப்புறம் உங்கள் கடிதம் வந்தது. விஷயத்தைச் சொல்லிச் சும்மாவே கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வேறொன்று நினைத்தேன். அவர் பார்க்கிறது போனில்தானே, அவருக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியவா போகிறது, அவருக்கு இது போதும். அண்ணாச்சி, இந்த வாக்கியத்தைத்தான் நான் மூன்று தடவையும் கிழித்தது. டீ மாஸ்டருக்கு இது போதும் என்று நினைத்தேன். அதையே அன்பாகவும் எழுதி அனுப்பினேன்.

பழைய கேமராவில் பார்க்க வேண்டியது நான்கு என்று எழுதினேன். ஐந்து. லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். அதை மட்டும் விட்டேன். ஜனவரியில் அடித்த வரி, ‘லென்ஸிலும் கொஞ்சம் குறை இருக்கலாம்’ என்பது. எழுதியதும் பணம் திருப்பிக் கேட்பீர்களோ என்று இல்லை, என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று தோன்றியது. அடித்தேன். சிரிக்கிற முகம் விரல் தவறிப் பட்டதல்ல. எல்லோரும் போடும்போது நான் போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்று பயம்.

உங்களை அடுப்பிலிருந்து மாற்றினார்கள் என்று எழுதியபோதாவது சொல்லியிருக்க வேண்டும். வருடக் கணக்கு என்று எழுதினேன்.

இன்னொன்று இருக்கிறது, இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொன்னதில் அர்த்தமில்லை. ஆகஸ்டில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். பூஞ்சைக்கு நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. முட்டை போனதைப் படித்த அதே நிமிஷம். இனி யாருக்கும் தெரியாது என்று அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. உங்கள் கை நடுங்கவில்லை. அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சுப்ரியா


தம்பானூர்
5 நவம்பர் 2024

சுப்ரியா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படிக்க எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

உண்மை ஒன்றை நானும் சொல்கிறேன். பூஞ்சை ஒரு வாரத்தில் பிடிக்குமா என்று ஜெஸியிடம் கேட்க வெட்கமாக இருந்தது என்று எழுதியிருந்தேன். வெட்கமில்லை. கேட்டால் உங்களைப் பற்றித் தெரிந்துவிடும் என்று பயந்தேன். இந்த ஊரில் எனக்காக ஒரு ஆள் வாய் திறந்து பேசியது நீங்கள் ஒருவர்தான். அதையும் இழக்க எனக்கு மனசில்லை. என் அறையைக் குற்றம் சொல்வது சுலபமாக இருந்தது.

கோபம் வருகிறது. கேமராவுக்காக இல்லை. மூன்று மாதம் நான் புறங்கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றேன். என்னோடு படுத்திருக்கிறவர்கள் முன்னால் நின்றேன். நீங்கள் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு முழங்கையை ஒட்டிவை, மூச்சை நிறுத்து என்று எழுதினீர்கள். என் கையை நானே சந்தேகப்பட்டேன். அது எனக்குச் சோறு போடுகிற கை. எட்டு மாதம் ஆகிறது, இன்னும் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறேன். முந்தாநாள் புதிதாக வந்த மாஸ்டர் டீ ஆற்றும்போது பாதி தரையில் போனது. பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்று கேட்கிறேன். என்னிடம் சொன்னதைக் குழுவில் சொல்லுங்கள். எல்லோரும் படிக்கிற மலையாளத்தில் எழுதுங்கள். என் முதலாளிக்கும் சொல்லுங்கள், நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். குழுவில் நான் இல்லை. நீங்கள் எழுதினீர்களா இல்லையா என்று என்னால் பார்க்க முடியாது. யாரிடமும் கேட்கவும் மாட்டேன்.

பிச்சைக்கனி


கோயம்புத்தூர்
24 நவம்பர் 2024

அண்ணாச்சிக்கு,

எழுதிவிட்டேன். எழுத ஒன்பது நாள் ஆயிற்று. தினமும் போனை எடுத்து, டைப் பண்ணி, அழித்துவிடுவேன். ஒன்பதாவது நாள் ஆபீஸ் பஸ்ஸில் நின்றுகொண்டே அனுப்பினேன், உட்கார்ந்தால் மறுபடி அழித்துவிடுவேன் என்று. கேமராவில் பூஞ்சை இருந்தது, எனக்குத் தெரிந்தே கொடுத்தேன், அவர் கையில் குறையில்லை, அவர் படத்தைப் பார்த்து நானும் சிரித்தேன், எல்லாம் எழுதினேன்.

எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. அப்புறம் ஓமனா டீச்சர் போன் பண்ணினார். “எழுதினது நன்னாயி சுப்ரியா. பட்சே கொறச்சு நாள் எனக்கு உன்கிட்ட பேச வய்யா” என்றார், கொஞ்ச நாள் என்னோடு பேச முடியாதாம், வைத்துவிட்டார். அவர் என் அம்மாவுக்குச் சினேகிதி. கரமனையில் இனி எங்கள் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். சாய் என்னிடம், “என் கையாலதானே கொடுக்க வெச்ச?” என்று கேட்டான்.

உங்கள் முதலாளியிடம் பேசினேன். “கேமராவுக்கும் டீக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்றார். முதலிலிருந்து சொன்னேன். கடைசியில், “அப்போ அவன் கை நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுதீய” என்றார். ஆமாம் என்றேன். ‘சரி’ என்று வைத்தார்.

தாமரைக்கோழி முட்டை போனதற்கும் நான்தான் காரணம் என்று குழுவில் சேர்த்து எழுதியிருக்கிறேன். அருகில் போகச் சொன்னது நான். நல்ல கேமரா கொடுத்திருந்தால் நீங்கள் தண்ணீரில் இறங்கியே இருக்க மாட்டீர்கள். அந்தப் பாவம் உங்கள்மேல் இருக்க வேண்டாம்.

என் புதுக் கேமராவை உங்களுக்கு அனுப்புகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள். இதில் ஒரு குறையும் இல்லை, நீங்களே எங்கே வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளலாம். எனக்கு இனி அதைத் தொட முடியவில்லை.

சுப்ரியா


தம்பானூர்
15 டிசம்பர் 2024

சுப்ரியா மேடத்துக்கு,

நீங்கள் எழுதியதை சுபின் ஹோட்டலுக்கு வந்து காட்டினார். நான் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். மலையாளத்தில் இருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். “ஆவின்னு நான் எழுதினது தப்பு அண்ணாச்சி” என்றார். இரண்டு வடை வாங்கிக்கொண்டு போனார். பார்சல் மேஜைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

போன திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டு, “அடுப்புக்குப் போடே” என்றார். காரணம் சொல்லவில்லை. போனேன். இன்னும் தோள் பழைய மாதிரி வரவில்லை, இரண்டு நாளில் வந்துவிடும்.

முட்டையைப் பற்றி எழுதியதை மட்டும் அழித்துவிடுங்கள். லென்ஸ் கண்ணாடியில் இருந்த குற்றம் உங்களுடையது. தண்ணீரில் இறங்கியது என் கால். அந்தப் பறவை சிறகை இழுத்து நொண்டியபோது எனக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. தெரிந்து நான்கு அடி வைத்தேன். அப்போது உங்கள் கடிதம் என் ஞாபகத்தில் இல்லை. பதினோரு பேர் சிரித்ததுதான் இருந்தது, அவர்கள் வாயை மூட வேண்டும் என்பதுதான் இருந்தது. எனக்காக ஒரு குற்றத்தை நீங்கள் தூக்கிக்கொண்டால், அதுவும் எனக்கு இது போதும் என்று கொடுப்பது போலத்தான் இருக்கிறது.

போன வாரம் நானே ஓமனா டீச்சர் வீட்டுக்குப் போனேன். அந்த நான்கு முட்டைப் படத்தைக் காட்டினேன். யாரும் பார்த்ததில்லை அதுவரை. டீச்சர் ரொம்ப நேரம் பார்த்தார். “இதை எதுக்கு என்கிட்ட காட்டுறீங்க அண்ணாச்சி?” என்று கேட்டார். “நான்தான் செஞ்சேன்னு சொல்ல வந்தேன் டீச்சர், மேடம் எழுதினது தப்பு” என்றேன். உட்காரச் சொன்னார். குழுவில் திரும்பச் சேர்க்கட்டுமா என்றும் கேட்டார். அடுத்த மழைக்கு அந்தப் பக்கம் யாரும் இறங்காமல் காவலிருக்க ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள், அதற்கு வருகிறேன், குழு இப்போது வேண்டாம் என்றேன்.

புதுக் கேமராவை அனுப்ப வேண்டாம். பழையதை சாயிடம் கொடுத்துவிட்டேன், பையோடு. நான் கொடுத்த பணத்தை மட்டும் திருப்பி அனுப்புங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம். கொஞ்சம் சேர்த்துப் போட்டு நானே கடையில் பார்த்து வாங்குவேன். எது வாங்கலாம் என்று ஜெஸி சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு நீங்கள் வருவீர்கள் என்று டீச்சர் சொன்னார். வராமல் இருந்துவிட வேண்டாம். நானும் வருவேன். உங்களோடு பழைய மாதிரி பேச முடியுமா என்று தெரியவில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன். இப்போதைக்கு என்னால் முடிவது அவ்வளவுதான்.

பிச்சைக்கனி